மலாயா மாப்பிள்ளை, ரெண்டு உறுதி, ஒரு கிணறு: பழைய யாழ்ப்பாணத்தில் குற்றக்கதை எழுதுவோர் பகிர்வு (ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதினவரின் புனைபெயர்)

நாவற்குழியான்

கதைச் சுருக்கம் இதுதான். 1904 மார்கழி, வண்ணார்பண்ணை. மலாயா ரெயில்வேயில் கிளாக்கர் எண்டு சொல்லிக்கொண்டு ஒரு மாப்பிள்ளை கொழும்புக் கோச்சியில் (ரெயிலில்) வந்து இறங்குகிறார். ஆறு வருசமாகக் கடிதப் பழக்கம். உடுவிலில் படித்த பெட்டை, ஆளைக் காணாமலே எழுத்தில் மயங்கினவள். சீதனம் எழுதுகிற நேரம் ஒரு கள்ள உறுதி (காணிப் பத்திரம்) வெளியில் வருகுது. அதை எழுதின நொத்தாரிசு கிணற்றில் பிணமாகக் கிடக்கிறார். கடைசியில் பன்னிரண்டு ஜூரிமார் முன்னால் வழக்கு. பழைய உறுதிகள், கடிதங்கள், வழக்கு ஏடுகளோடு புழங்கினவை எங்கை இடிக்குதெண்டு சொல்லுங்கோ. காதலை மட்டும் தொடாதேங்கோ.

தண்டவாளம்

முதல் வரியிலேயே இடிக்குது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரைக்கும் கோச்சி முழுதாக ஓடத் தொடங்கினது 1905 ஆவணி, ஓகஸ்ட் 1. அதுக்கு முந்தி 1902 மார்ச்சில் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையிலதான் பாதை திறந்தது. 1904இல் உங்கடை மாப்பிள்ளை யாழ்ப்பாண ஸ்டேசனில் இறங்கலாம், ஆனால் காங்கேசன்துறையில் கப்பலால் இறங்கி ஏறி வந்திருந்தால் மட்டும். பினாங்கிலிருந்து நாகபட்டினத்துக்கு நீராவிக் கப்பல், அங்கிருந்து வத்தையிலோ தோணியிலோ ஊர்காவற்றுறை அல்லது காங்கேசன்துறை. இந்த வழிதான் கதைக்கு நல்லது. கோச்சியில் வந்தவனை நூறு பேர் பார்ப்பினம். வத்தையில் வந்தவனை இன்னார்தான் எண்டு சொல்ல வத்தை ஓட்டின தண்டயல் ஒருத்தன்தான் இருப்பான்.

இன்னொண்டு, மார்கழி வேண்டாம். வாடைக்காற்றுக் காலத்தில் பாக்கு நீரிணையைப் பாய்மரத்தில் கடக்கிறது விளையாட்டில்லை. மாசி, பங்குனிக்குத் தள்ளுங்கோ. தலைமன்னார் – தனுஷ்கோடிக் கப்பல் எண்டு எழுதி வழுக்கி விழுகிறவையும் கனபேர். அது 1914இல் வந்தது.

முத்திரைப் பெட்டி

ஆறு வருசக் கடிதம் எண்டால் 1898, 1899இலிருந்து வரவேணும். மலாய்க் கூட்டு மாநிலங்கள் 1896இல் சேர்ந்தாலும், அந்தப் பெயர் தாங்கின தபால் முத்திரை 1900க்கு முந்தி இல்லை. முதலில் வந்ததுகூட நெகிரி செம்பிலான், பேராக் முத்திரைகளின் மேல் கூட்டு மாநிலப் பெயரை அச்சடித்ததுதான். அதுக்கு முந்திச் சிலாங்கூர், பேராக் எண்டு தனித்தனிப் பெயரோடு புலி போட்ட முத்திரைகள். இதைத் திருத்தத் தேவையில்லை, துப்பாக மாற்றலாம். வந்தவன் "தபாலில் சேராமல் திரும்பி வந்த கடிதங்கள்" எண்டு ஒரு கட்டைக் கொண்டு வந்து காட்டட்டும். அதில் 1899 திகதியிட்ட ஒரு உறையில் கூட்டு மாநில முத்திரை. பொய் அந்த ஒரு உறைக்குள்ளையே இருக்கு.

ஒரு எச்சரிக்கை. பொய் செய்கிறவன் முத்திரையை மட்டும் பார்த்துவிட்டு, அதுக்கு மேல் குத்தின தபால் அடையாளத்தை மறப்பான். பாயும் புலியை எல்லாரும் பார்ப்பினம். கறுத்த வட்டத்துக்குள் இருக்கிற ஊரையும் திகதியையும் அந்தப் பெட்டை மட்டும்தான் பார்ப்பாள், ஏனெண்டால் ஒவ்வொரு உறையையும் எடுத்து வைத்தவள் அவள்.

பழைய உறுதி

நாவலாசிரியர்கள் திரும்பத் திரும்ப விடும் பிழை, கள்ளக் கையெழுத்து ஒன்றால் காணியை எடுத்துவிடலாம் என்று நினைப்பது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி, காணியை விற்கும் அல்லது ஈடு வைக்கும் உறுதி நொத்தாரிசு முன்னிலையில், குறைந்தது இரண்டு சாட்சிகளோடு, எல்லாரும் ஒரே நேரத்தில் கூடியிருந்து ஒப்பமிட வேண்டும். உறுதிக்கு மூன்று பிரதிகள்: ஒன்று வாங்கியவர் பெட்டிக்குள், ஒன்று நொத்தாரிசின் கட்டுக்குள், ஒன்று காணிப் பதிவுக் கந்தோருக்கு. மூன்றையும் பொய்யாக்க ஆள், கடதாசி, முத்திரை எல்லாம் வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் மற்ற இரண்டும் காட்டிக்கொடுக்கும். நொத்தாரிசைக் கொன்றதால் ஒன்றும் மறையாது. அவர் அனுப்பிய பிரதி கந்தோரில் இருக்கும். உங்கள் கொலைகாரனுக்கு இது தெரியாவிட்டால் அவன் முட்டாள், தெரிந்தால் கொலைக்குக் காரணம் வேறு.

யாழ்ப்பாணத்துக்குப் பொருத்தமான ஏமாற்று வேறொன்று உண்டு. அதில் பொய்யெழுத்தே இல்லை. ஒரே காணியை இரண்டு பேருக்கு விற்பது. அந்நாளில் இருந்த 1891ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கப் பதிவுச் சட்டப்படி, முதல் உறுதி பதியப்படாமல் கிடக்க, பணம் கொடுத்து வாங்கிய இரண்டாம் உறுதி முந்திப் பதியப்பட்டால், இரண்டாவதே நிற்கும். முதல் உறுதிக்காரர் கைதடியில் நோயாய்க் கிடந்த ஒரு கிழமை போதும். இதைக் கலைக்க மோசடியோ கூட்டுச்சதியோ நிரூபிக்க வேண்டும். "முதல் உறுதி இருப்பது அவனுக்குத் தெரியும்" என்பது மட்டும் காணாது. அந்த நிரூபணத்தைத் தேடுவதுதான் உங்கள் நாவல். நொத்தாரிசு சாவது அவர் கள்ள உறுதி எழுதியதால் அல்ல, விற்றவனும் வாங்கியவனும் சேர்ந்து திட்டமிட்டதைக் கேட்ட ஒரே ஆள் அவர் என்பதால். நல்ல உறுதியால் நடக்கும் களவுக்கு இருக்கும் கசப்பு கள்ள உறுதிக்கு வராது.

சீதனம், முதுசம், தேடியதேட்டம் மூன்றையும் கலந்து எழுதாதீர்கள். தாய்தகப்பன் மகளுக்குக் கொடுப்பது சீதனம், பரம்பரையாய் வருவது முதுசம், கலியாணத்துக்குப் பின் உழைத்துச் சேர்ப்பது தேடியதேட்டம். "புருசனின் எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது, சம்மதம் தராவிட்டால் மாவட்ட நீதிமன்றம் போகலாம்" என்று உங்கள் பிறக்கிராசி (வழக்கறிஞர்) வசனம் பேசினால் அது 1911 சட்டத்தின் வாசகம். 1904இல் அவர் வாயில் அது வரக்கூடாது. அவர் 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த, யாழ்ப்பாணத்தாரின் வழமைச் சட்டமான தேசவழமையைத்தான் புரட்டுவார்.

குழிக்கணக்கு

பழைய உறுதியார் சொன்னதோடை ஒரு சின்னத் துப்பு. காணி அளக்கிற பரப்பு எண்டால் ஒரே பரப்பு இல்லை. வரகு விதைப்புப் பரப்புக்கு 18 குழி, நெல் விதைப்புப் பரப்புக்கு 12 குழி. முதலாவது 16 சேர்ந்தால் ஒரு ஏக்கர், ரெண்டாவது 24 வேணும். அதாவது "10 பரப்பு" எண்டு எழுதினால் வரகுக் கணக்கில் 100 பேர்ச், நெல்லுக் கணக்கில் 66⅔ பேர்ச். வண்ணார்பண்ணை வளவை நெல்லுக் கணக்கில் எழுதினவன் வயல் ஊர் உறுதியைப் பார்த்துக் கொப்பி அடிச்சவன்.

எல்லை சொல்லுற ஒழுங்கும் பாருங்கோ: கிழக்கு, வடக்கு, மேற்கு, தெற்கு. வடக்கிலிருந்து தொடங்கினால் கண்ணைக் குத்தும். காணிக்குப் பெயர் இருக்கவேணும். கிணறு பொது எண்டால் "கிணற்றிற் பங்கும் வழிவாய்க்கால் உரித்தும்" எண்ட வரி இல்லாமல் உறுதி முடியாது. இந்தக் கிணற்றுப் பங்கை விடாதேங்கோ. அயலான் ஒருத்தன் சாமத்தில் உங்கடை வளவுக்குள் வர அதுதான் அனுமதிச் சீட்டு.

எழுத்தாணி

ஒல்லாந்தர் காலத்து ஓலை எண்டு ஒண்டைக் கதைக்குள் கொண்டுவாறதெண்டால், அதில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காதேங்கோ. ஓலையில் குத்தினால் கிழியும், ஆனபடியால் புள்ளியில்லாமல்தான் எழுதினவை. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடும் எழுத்தில் காட்டமாட்டினம், கொம்பு ஒண்டுதான். புள்ளியும் ரெட்டைக் கொம்புமாக ஓலை கிடைத்தால் அது அச்சுப் புத்தகம் படித்து வளர்ந்த கை. எண்களும் தமிழ் எண்கள். காசெண்டால் அந்தக் காலத்து நாணயங்களான இறைசால், பணம். 1872க்கு முந்தின கடதாசி உறுதியில் ரூபாயும் சதமும் கணக்காக எழுதியிருந்தால் சந்தேகப்படலாம், சதம் வந்ததே அந்த வருசம்.

துலாக்கொடி

மார்கழியில் கிணறு மேல் வரைக்கும் நிரம்பிக் கிடக்கும், ஒருத்தரும் இறைக்கமாட்டார். பிணம் கிடந்தாலும் தெரியாது. மாசியில் கதை வேறை. போயிலைக்கு இறைப்பு நடக்கிற காலம். விடியப்புறம் மூண்டு பேர் வருவினம்: துலா (ஏற்றம்) மிதிக்கிறவர் மேலே முன்னும் பின்னும் நடக்க, பட்டை பிடிக்கிறவர் கிணற்றடியில் நிண்டு ஊத்த, மற்றவர் தோட்டத்துக்குள் தண்ணி மாறுவார். முறை எண்டு ஒண்டு இருக்கு. இண்டைக்கு ஆருடைய முறை எண்டு ஊருக்கே தெரியும். ஆக, பிணத்தைப் போட்டவன் முறை தெரியாதவன், அல்லது குறிப்பிட்ட ஒருத்தர் கண்ணில் பட வேணுமெண்டு போட்டவன். ரெண்டும் நல்ல கதை.

உயிரோடு விழுந்து மூழ்கினவருக்கு வாயிலும் மூக்கிலும் பெரும்பாலும் நுரை இருக்கும். செத்த பிறகு போட்டால் பெரும்பாலும் அது இராது. அமிழ்ந்த உடல் எங்கடை வெக்கைக்கு ரெண்டு மூண்டு நாளில் மிதக்கும். நிலாவரைக் கிணற்றுக்கு மட்டும் கொண்டுபோகாதேங்கோ. ஆழம் எண்டு எல்லாரும் அங்கைதான் எறிகினம், வாசிக்கிறவைக்கு அலுத்துப் போச்சு.

உங்கை நிண்டவர்

பெட்டை அவனை எப்படிப் பிடிக்கிறாள் எண்டதுக்கு முத்திரை காணாது. பேச்சு வேணும். அவன் நாகபட்டினத்தில் வளர்ந்தவன், யாழ்ப்பாணத்தான் எண்டு நடிக்கிறான் எண்டு வையுங்கோ. "எண்டு", "பேந்து", "பொடியன்" எல்லாத்தையும் ஒரு மாசத்தில் பழகிவிடுவான். பழகேலாதது உது, உவர், உங்கை. அவள் கையில் இருக்கிற கடிதத்தைக் காட்டி எங்கடை ஆள் "உது என்ன?" எண்டுதான் கேட்பான். இவன் "அது என்ன?" எண்பான். நாங்கள் ஆரோடை கதைக்கிறமோ அவரின் பக்கத்தில் இருக்கிறதுக்குத் தனிச் சுட்டு இருக்கெண்டு அவன் நாக்குக்குத் தெரியாது.

இன்னொரு பொறி "பேசுறது". "உங்கடை ஐயா நேற்று என்னோடை கனநேரம் பேசினவர்" எண்டு அவன் சந்தோசமாகச் சொல்ல, அவள் பதறிப்போய் "ஏன், என்ன பிழை விட்டனீங்கள்?" எண்டு கேட்பாள். எங்களுக்குக் கதைக்கிறது வேறை, பேச்சு வாங்கிறது வேறை. காதல் காட்சிக்குள் இதை வைத்தால் வாசிக்கிறவர் சிரிச்சுப்போட்டுக் கடந்துவிடுவார். இருபது பக்கம் தள்ளித்தான் உறைக்கும்.

மானிப்பாய் மருந்து

விசம் வைக்கிற எண்ணம் ஒருத்தருக்கும் வரேல்லையே எண்டு ஆச்சரியம். வந்தால், மஞ்சள் அலரி விதையைத் தூக்கி 1904இல் போடாதேங்கோ. ஊரில் அது தற்கொலைக்கெண்டு பேர்பெற்றது 1980களில். கார்த்திகைக் கிழங்கு பழைய ஆள். வாந்தியும் வயிற்றோட்டமும் சில மணித்தியாலம் பிந்தித் தொடங்கும், ஊரார் வாந்திபேதி எண்டு வேப்பிலை கட்டுவினம். தப்பினவருக்கு ஒண்டு ரெண்டு கிழமையில் தலைமயிர் கொட்டும். வாந்திபேதியில் அப்படிக் கொட்டாது. அளவு, பக்குவம் எழுதத் தேவையில்லை. அந்த மயிர்க் கொத்து போதும். அதைக் கண்டு சொல்ல டொக்டர் கொழும்பிலிருந்து வரவும் தேவையில்லை. அமெரிக்க மிசன் டொக்டர் சாமுவேல் கிறீன் 1873 வரைக்கும் மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியம் படிப்பிச்சவர். 1904இல் அவரிடம் படித்த கிழவர் ஒருத்தர் ஊரில் இருக்கலாம், கெமிஸ்ட்ரியை "கெமிஸ்தம்" எண்டு கதைச்சுக்கொண்டு.

ஐந்துக்கு ரெண்டு

பன்னிரண்டு ஜூரிமார் இங்கிலாந்தில். இங்கை 1898 குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி ஏழு பேர், தீர்ப்புக்குக் குறைஞ்சது ஐந்துக்கு ரெண்டு. ஒற்றையாள் எழும்பி மற்ற எல்லாரையும் மாற்றுகிற காட்சி வேணுமெண்டால் கணக்கே பிழையாப்போகும், அவர் இன்னும் ரெண்டு பேரை மாற்றினாலே தீர்ப்பு ஆடும். கிணற்றடிக்கு முதலில் வாறது ஊர்த் தலைமைக்காரரான விதானையார், பிறகு அவருக்கு மேலான உடையார். தொப்பி போட்ட இன்ஸ்பெக்டர் மெல்ல வருவார். வழக்கு இங்கிலீசில் நடக்கும், முதலியார் மொழிபெயர்ப்பார். "உவர்" எண்டு சாட்சி சொன்னதை அவர் எப்படி இங்கிலீசில் கொண்டுபோவார்? மேலே உது பற்றி எழுதினவர் இதையும் யோசிச்சுப் பாருங்கோ. துப்பு மொழிபெயர்ப்பில் செத்துப்போகும்.

நாவற்குழியான்

எல்லாருக்கும் நன்றி. 1905 மாசிக்குத் தள்ளியாச்சு. கோச்சி போச்சு, வத்தை வந்தாச்சு. கள்ள உறுதியைத் தூக்கிப்போட்டு ரெண்டாம் உறுதி. மாசி எண்டதும் சிவராத்திரி வருகுது. வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஊரே முழிச்சிருக்கிற, நிலாவில்லாத இரவு. கடிதம் எழுதின உண்மையான கிளாக்கர் மலாயாவிலேயே செத்துப்போனார் எண்டும், வந்தவன் அவரின் ரங்குப்பெட்டியை எடுத்தவன் எண்டும் வைத்தால் காதல் கெடாமல் இருக்கும்போலை. அவள் விரும்பினது பொய்யான ஆளை இல்லைத்தானே.

துலாக்கொடி

சிவராத்திரி எண்டால் அடுத்த நாள் விடியப்புறம் ஆரும் இறைக்க வராயினம், நித்திரை முழிச்ச களை. முறைக்காரர் மத்தியானம்தான் வருவார். அதுக்கேற்றமாதிரி நேரத்தை மாற்றுங்கோ.