புதுப்பிப்பு: இரவில் தானாகக் காலியாகும் மேல்தொட்டி, காரணம் கிடைத்தது

திருநகர் வீட்டில் 1000 லிட்டர் மேல்தொட்டி விடிவதற்குள் பாதியாகிறது, எங்கும் ஈரமில்லை என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

தொட்டியில் விரிசல், சுவருக்குள் கசிவு என்றெல்லாம் பார்த்தோம், இல்லை. வென்றது சொட்டு நீல யோசனைதான். கழிவறை ஃபிளஷ் தொட்டியில் நான்கைந்து சொட்டு விட்டு, யாரும் போகாமல் அரை மணி நேரம் கதவைச் சாத்தி வைத்தேன். திறந்தால் கோப்பை முழுக்க நீலம்! ஃபிளஷ் தொட்டித் தண்ணீர் சத்தமில்லாமல் கோப்பைக்குள் கசிந்து வடிகாலில் போயிருக்கிறது; அதை நிரப்பி நிரப்பியே மேல்தொட்டி காலியாகியிருக்கிறது. துணிக்குப் போடுவது துப்பறியவும் உதவுகிறது.

ஃபிளஷ் தொட்டியின் அடியில் கோப்பைக்குப் போகும் துளையை அடைக்கும் ரப்பர் வாஷரில் போர் தண்ணீரின் உப்பு சுண்ணாம்பாகப் படிந்து, அது சரியாக உட்காரவில்லை. சுரண்டிப் பார்த்தேன், ரப்பரே இறுகிப்போயிருந்தது. புதிது மாற்றியாயிற்று.

எதிர்பாராதது இன்னொன்று. வேலைக்காக மேல்தொட்டியடியில் தண்ணீரை நிறுத்தும் கேட் வால்வை மூடினால் கைப்பிடி மட்டும் சுற்றியது, தண்ணீர் நிற்கவில்லை. பல வருடம் தொடாததன் பலன். தொட்டியை முழுக்க வடித்துவிட்டுப் அதற்குப் பதில் பித்தளை பால் வால்வு (ball valve, கைப்பிடியைக் கால் சுற்று திருப்பினால் மூடுவது) போட்டோம். உண்மையில் பெரிய செலவு அதுதான்.

பத்து நாளாயிற்று. இரவு மட்டம் காலையிலும் அப்படியே நிற்கிறது.