எஸ்ஐ என்றால் இன்ட்டா? வாத்தியாரின் மூன்றாம் வரி

பாமணிக்கரை:
"எஸ்ஐ மோட் என்பது இன்ட்." நிரலை மெஷின் கட்டளையாக மாற்றும் ஜிசிசி கம்பைலர் பற்றி தஞ்சை வாத்தியார் நேற்று போட்ட குறிப்பில் மூன்றாம் வரி இது. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. மோட் என்பது ஒரு மதிப்பின் அளவுக்கும் வகைக்கும் கம்பைலர் தனக்குள் வைத்த பெயர். எஸ்ஐ, அதாவது சிங்கிள் இன்டிஜர், 4 பைட் முழு எண். இன்ட் என்பது சி மொழி வைத்த பெயர். இரண்டும் வேறு.

இந்த ஒரு வரியை நம்பி என் அக்கா மகன் பட்ட பாட்டைச் சொல்கிறேன். மன்னார்குடிப் பக்கம் குறுவை நாற்றங்காலுக்கு இறைக்கும் போர் மோட்டார் மொத்தம் எவ்வளவு நேரம் ஓடியது என்று கணக்கு வைக்க, அர்டுவினோ ஊனோ என்ற சின்னக் கணினிப் பலகையில் ஒரு பெட்டி செய்தான். வினாடிகளை இன்ட்டில் கூட்டினான். 9 மணி 6 நிமிடம் 7 வினாடி வரை சரியாக ஓடியது. அடுத்த வினாடி திரையில் மைனஸ் 32768. வயரைக் கழற்றி மாட்டினான், டிஸ்பிளேயை மாற்றினான், இரண்டு நாள் போச்சு. அவனுடைய ஊனோவில் இருக்கிற ஏவிஆர் சிப்பில் இன்ட் 2 பைட்தான். ஜிசிசிக்கு உள்ளே அது எச்ஐ, 2 பைட் மோட். எஸ்ஐ இல்லை.

தஞ்சை வாத்தியார்:
இருபது வருஷமாக சி சொல்லிக் கொடுக்கிறேன். பிள்ளைகள் கையில் இருப்பது லேப்டாப். அதில் இன்ட் 4 பைட், எஸ்ஐ 4 பைட். முதல் வகுப்பில் அதைத்தான் சொல்ல முடியும். நாற்று விடும்போதே களத்துமேட்டுக் கணக்கைக் கேட்டால் எப்படி? உங்கள் அக்கா மகன் லாங் போட்டிருக்க வேண்டும். அது அவன் தவறு.

பாமணிக்கரை:
லாங் போட்டிருந்தால் ஏவிஆரில் எஸ்ஐ கிடைத்திருக்கும். அதே லாங் 64 பிட் லினக்ஸில் 8 பைட், 64 பிட் விண்டோஸில் 4 பைட். மொழியின் பெயர் ஊருக்கு ஊர் அளவு மாறும். மோட் மாறாது. பொதுவாக 8 பிட் ஒரு பைட். எஸ்ஐ என்றால் 32 பிட், எங்கே போனாலும் 32 பிட். அதற்குத்தான் கம்பைலர் தனக்கென்று ஒரு பெயர் வைத்துக்கொண்டது.

தலைஞாயிறு தம்பி:
அண்ணே, நானும் பார்த்துவிட்டேன். ஒரே நிரலை ஏவிஆர், லேப்டாப் இரண்டின் ஜிசிசியிலும் கொடுத்து, கம்பைலர் தனக்குள் எழுதிக்கொள்ளும் இடைநிலை வடிவமான ஆர்டிஎல்லை ஃபைலில் கொட்டச் சொன்னேன். ஏவிஆர் ஃபைலில் "ரெக்" (சிப்புக்குள் எண்ணை வைக்கும் ரெஜிஸ்டர்) என்ற சொல், ஒரு முக்காற்புள்ளி, எச்ஐ, அப்புறம் ரெஜிஸ்டர் எண் 24 என்று வருகிறது. லேப்டாப் ஃபைலில் அதே இடத்தில் எஸ்ஐ.

குடமுருட்டி:
இதற்குத்தான் எல்எல்விஎம் என்ற இன்னொரு கம்பைலர் பக்கம் வாருங்கள் என்று போன மாதமே சொன்னேன். அங்கே ஐ8, ஐ16, ஐ32, ஐ64. எத்தனை பிட் என்பது பெயரிலேயே இருக்கிறது. உங்கள் க்யூஐ, எச்ஐ, எஸ்ஐ, டிஐக்கு க்வார்ட்டர், ஹாஃப், சிங்கிள், டபுள் என்கிறீர்களே, எதில் கால், எதில் அரை?

பாமணிக்கரை:
4 பைட்டை ஒன்று என்று வைத்தால் கால், அரை, ஒன்று, இரண்டு. க்யூஐ 1 பைட், எச்ஐ 2, எஸ்ஐ 4, டிஐ 8. 1987இல் ஜிசிசி முதலில் வெளிவந்தபோது அதன் இலக்கு வாக்ஸ் கணினியும் 68020 சிப்பும். இரண்டும் 32 பிட் மெஷின். பெயருக்குக் காரணம் இருக்கிறது.

தஞ்சை வாத்தியார்:
இன்டெல் கையேட்டில் வேர்ட் 16 பிட், டபுள்வேர்ட் 32. அந்தக் கணக்கில் சிங்கிள் 16 பிட் ஆக வேண்டுமே? டிஐ 16 பைட் என்று நானே படித்திருக்கிறேன், நீங்கள் 8 என்கிறீர்கள். முதலில் உங்கள் குறிப்பைத் திருத்துங்கள்.

பாமணிக்கரை:
ஆர்ம் கையேட்டில் வேர்ட் 32 பிட். அவரவர் வேர்ட் அவரவருக்கு. எஸ்ஐ 4 பைட். அப்புறம், நீங்கள் படித்தது வேறு டிஐ. டபுள் இன்டிஜர் 8 பைட், டெட்ரா இன்டிஜர் 16 பைட். ஆங்கிலத்தில் முதல் எழுத்து வேறு, தமிழில் எழுதினால் இரண்டும் டிஐ.

தஞ்சை வாத்தியார்:
அப்படியென்றால் எழுதும்போது எந்த டிஐ என்று சொல்ல வேண்டாமா? மற்றவர் வரியில் மட்டும் கல் பொறுக்கத் தெரிகிறது.

குடமுருட்டி:
அந்த டெட்ராவுக்குப் பக்கத்தில் ஜிசிசி கையேடே ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறது. எழுதியவர்களுக்கே அந்தப் பெயர் உறுதியில்லை.

அரிசிலாறு:
மரக்கால் என்று மட்டும் சொன்னால் எந்த மரக்கால் என்ற கேள்வி அந்தக் காலத்திலேயே இருந்தது. பெரிய கோயில் கல்வெட்டில் நெல்லை "ஆடவல்லான் என்னும் மரக்காலால்" அளக்கச் சொல்லி, அது ராஜகேசரி என்ற அளவோடு ஒக்கும் என்றும் வெட்டியிருக்கிறார்கள். இன்ட் வெறும் மரக்கால். எஸ்ஐ ஆடவல்லான் மரக்கால்.

தஞ்சை வாத்தியார்:
கம்பைலருக்கும் கல்வெட்டுக்கும் என்ன சம்பந்தம்? 8 படி ஒரு மரக்கால் என்று எங்கள் வீட்டில் அளந்தே வளர்ந்தவன் நான்.

அரிசிலாறு:
கல்வெட்டில் படி இல்லை சார், நாழி. 8 நாழி ஒரு குறுணி, அதாவது மரக்கால். இதையும் பிள்ளைகளுக்குத் தவறாகச் சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள்.

குடமுருட்டி:
நெல் அளந்தது போதும். பாமணிக்கரை, மேலே என்ன எழுதினீர்கள்? "எஸ்ஐ என்றால் 32 பிட், எங்கே போனாலும் 32 பிட்." டிஎம்எஸ்320சி4எக்ஸ் என்று ஒரு சிப் இருந்தது. ஜிசிசி பின்னாளில் அதைக் கைவிட்டுவிட்டது. அதில் நினைவகத்தின் மிகச் சிறிய அலகே, அதாவது பைட்டே, 32 பிட். க்யூஐயே அங்கே 32 பிட். உங்கள் எஸ்ஐ அங்கே எவ்வளவு?

பாமணிக்கரை:
எஸ்ஐ 4 பைட். அங்கேயும் 4 பைட்தான். பைட் பெரிதானால் நான் என்ன செய்ய?

குடமுருட்டி:
32 பிட் என்று எழுதினீர்களா இல்லையா?

பாமணிக்கரை:
முதல் பதிவைப் பாருங்கள், 4 பைட் என்றுதான் இருக்கிறது. கைவிட்ட சிப்பைத் தோண்டி எடுத்து வந்து என்னை மடக்கப் பார்க்காதீர்கள். போன வருஷம் "பைட்" என்பதற்குத் தமிழ்ச்சொல் வேண்டும் என்று நான் சொன்னபோதும் இப்படித்தான் கூடி நின்று பேசினீர்கள். மறக்கவில்லை.

தஞ்சை வாத்தியார்:
ஆக, உங்கள் வரியிலும் ஓட்டை உண்டு. என் வரி லேப்டாப்பில் சரி. அப்படியே இருக்கட்டும்.

பாமணிக்கரை:
மோட்டார் லேப்டாப்பில் ஓடவில்லை சார். ஏவிஆரில் எஸ்ஐ வேண்டுமென்றால் 22 முதல் 25 வரை நான்கு ரெஜிஸ்டர் போகும், இன்ட்டுக்கு இரண்டே போதும். ஒரு வினாடி கூட்டுவதற்கே வேறு வேறு கட்டளைகள். கம்பைலர் பார்ப்பது அந்த அளவைத்தான், நீங்கள் வைத்த பெயரை இல்லை. அந்த மூன்றாம் வரியை எடுங்கள்.

தஞ்சை வாத்தியார்:
எடுக்க மாட்டேன்.

தலைஞாயிறு தம்பி:
நாளைக்கு ரெக்கார்ட் நோட்டு கொடுக்க வேண்டும். நான் எதை எழுதுவது?

பாமணிக்கரை:
எஸ்ஐ 4 பைட் என்று எழுது.

தஞ்சை வாத்தியார்:
என் வகுப்பு என்றால் இன்ட் என்று எழுது.