'உப்பு குறைவு' விளக்கும் மற்றவையும்: வீட்டு நீச்சல் குளத்தில் உப்புக் குளோரின் கருவி வைத்தவர்களின் அனுபவங்கள்

கண்டியூர்த் தோப்பு வீடு

குளத்தில் கரைத்த உப்பிலிருந்து மின்சாரத்தால் குளோரின் உண்டாக்கும் கருவி இது; அதைப் பற்றி அதிகம் விளக்கத் தேவையில்லை. என் மனத்தை விட்டுப் போகாதது அந்தச் சிவப்பு விளக்குதான்.

குளம் 40,000 லிட்டர். பொருத்தும்போது 120 கிலோ உப்பு கரைத்தார்கள். 3,000 பிபிஎம் (லிட்டருக்கு 3,000 மில்லிகிராம்) கணக்கு சரியாகவே இருந்தது. சித்திரை வெயில் ஏறியதும் கருவியின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் 'உப்பு குறைவு' என்று விளக்கு எரிந்தது. பொருத்தியவர்களுக்குப் போன் செய்தால், "இன்னொரு மூட்டை போடுங்கள் சார்" என்பதே பதில். அவர்களுடைய ஆள் வருவார், மூட்டையைப் பிரிப்பார், கொட்டுவார், போவார். விளக்கு அணையவே இல்லை. ஒரு நாள் என் பேத்தி படியேறி வந்து, "தாத்தா, தண்ணீர் வாயில் வைக்க முடியவில்லை" என்றாள். தனியாக ஓர் உப்பு மீட்டர் வாங்கி அளந்தேன். 5,200! பெட்டியோ அப்போதும் 'குறைவு' என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

குளோரின் உண்டாகும் தட்டுகள் இருக்கும் செல்லைக் கழற்றினால் தட்டுகளுக்கு இடையே வெள்ளைக் காரை. எங்கள் போர் தண்ணீர் கடினமானது. எதிர்மின் தட்டின் அருகே காரத்தன்மை ஏறுவதால் சுண்ணாம்பு அங்கேதான் படியும். காரை மூடியதும் மின்னோட்டம் குறைகிறது. பெட்டி அதை உப்புக் குறைவு என்று எடுத்துக்கொள்கிறது. அது உப்பை நேராக அளப்பதே இல்லை. நான்கு பங்கு தண்ணீரில் ஒரு பங்கு ஆசிட் ஊற்றிச் செல்லை ஊற வைத்தோம். நுரை பொங்கி அடங்கியது. மறுபடி பூட்டினால், இப்போது 'உப்பு அதிகம்' என்று சொல்லிக் கருவி நின்றுவிட்டது! குளத்தில் கரைந்த உப்பைத் திரும்ப எடுக்க வழி கிடையாது. ஐந்தில் இரண்டு பங்குத் தண்ணீரை இறைத்து வெளியே விட்டு, புதுத் தண்ணீர் நிரப்பிய பிறகே சரியானது.

நாகை, கடற்கரைப் பக்கம்

எங்கள் போர் தண்ணீரிலேயே டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு, 1,900 பிபிஎம். பொருத்த வந்தவரிடம் முதலிலேயே சொன்னேன். அவர் 1,000 லிட்டருக்கு 3 கிலோ என்ற பாடத்தை ஒப்பித்துவிட்டு முழு அளவையும் கொட்டினார். உப்பு அதிகமாகிக் கருவி ஒரு மணி நேரம்கூட ஓடவில்லை. டிடிஎஸ் முழுவதும் சாப்பாட்டு உப்பு அல்ல என்பது தெரியும். ஆனால் செல்லுக்குத் தெரிவது மின்கடத்துதிறன் மட்டுமே. குளத்தில் ஊற்றுகிற தண்ணீரை அளக்காமல் மூட்டையைப் பிரிக்கிறவரை வீட்டுக்குள் விடாதீர்கள்.

குடந்தை மின்பணியாளர்

நான் குளம் வைத்திருப்பவன் அல்ல, பழுது பார்ப்பவன். திருவிடைமருதூர்ப் பக்கம் ஒரு வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். நீரோட்டம் இல்லை என்று பெட்டி அடிக்கடி கத்துகிறது என்பதற்காக, எனக்கு முன் வந்த ஒருவர் நீர் நின்றால் செல்லை நிறுத்தும் ஃப்ளோ சுவிட்சின் இரண்டு கம்பிகளையும், எப்போதும் நீர் ஓடுவதாகப் பெட்டி நினைக்கும்படி, ஒன்றாக முறுக்கிவிட்டுப் போயிருந்தார். பம்பு நேராக மின்வாரிய இணைப்பில், பெட்டி இன்வெர்ட்டரில். இரவில் மின்சாரம் போனது. பம்பு நின்றது, செல் ஓடிக்கொண்டே இருந்தது. செல்லில் குளோரினோடு ஹைட்ரஜனும் உண்டாகிறது. தண்ணீர் ஓடினால் அது குமிழியாக வெளியேறிவிடும். ஓடாவிட்டால் குழாயில் சேரும், வெடிக்கவும் கூடும். நான் போனபோது செல்லின் ஒளிபுகு மூடி பம்பு அறையின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையைத் துளைத்துச் செருகி நின்றது. அந்த அறையில் அப்போது யாரும் இல்லை. அந்த மூடி இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

ஆகவே சில சொல்கிறேன், கேட்காவிட்டாலும். பெட்டியும் பம்பும் ஒரே இணைப்பில் இருக்க வேண்டும். பம்பு நின்றால் பெட்டியும் நின்றாக வேண்டும். செல் எப்போதும் ஃபில்டருக்குப் பிறகு, எல்லாவற்றுக்கும் கடைசியில், படுக்கைவாட்டில். ஃப்ளோ சுவிட்சுக்கு முன்னால் ஓரடி நேர்க்குழாய் இருக்கட்டும். வளைவை ஒட்டி வைத்தால் நீர் சுழன்று சுவிட்ச் தடுமாறும். பெட்டி சும்மா கத்துவதற்குப் பாதிக் காரணம் அதுதான். மின்கசிவைக் கண்டு அணைக்கும் 30 மில்லியாம்பியர் பிரேக்கர் இல்லாமல் குளத்துக்கு மின்சாரம் கொடுக்காதீர்கள். ஆசிட் கேனைப் பெட்டிக்கு அடியில் வைக்கிறார்கள். அந்த ஆவி உள்ளே இருக்கும் போர்டைத் தின்றுவிடும். ஏணி 304 ரக ஸ்டெயின்லெஸ் எஃகாக இருந்தால் துருப் புள்ளி விழும், 316 கேளுங்கள். வேதாரண்யத்துக் கல்லுப்பை மலிவு என்று வாங்கிக் கொட்டாதீர்கள். மண்ணும் கசடும் செல்லுக்கு ஆகாது.

கண்டியூர் ஐயாவுக்கு: ஆசிட் வைத்தியம் அந்த ஒரு முறைக்குச் சரி, மாதாமாதம் செய்ய வேண்டாம். டைட்டானியத் தட்டின் மேல் இருக்கும் ருத்தேனியப் பூச்சுதான் வேலை செய்கிறது. ஒவ்வொரு ஆசிட் குளியலிலும் அது கொஞ்சம் தேயும். தண்ணீரின் பிஎச் (அமில-கார அளவு) 7.6ஐத் தாண்டாமல் பார்த்தால் காரையே குறையும். உப்புக் குளத்தில் பிஎச் தானாக ஏறும், ஏனென்றால் ஹைட்ரஜன் குமிழிகள் தண்ணீரிலிருக்கும் கரியமில வாயுவை வெளியேற்றிவிடுகின்றன.

மன்னார்குடி ஆசிரியை

பரிசோதனைக் குழாயில் குளத்து நீரை எடுத்து, குளோரின் இருந்தால் சிவக்கும் மாத்திரையைப் போட்டேன். கண நேரம் இளஞ்சிவப்பு மின்னி மறைந்தது. பிறகு நீரில் நிறமே இல்லை. அந்த மின்னலை நான் பார்த்தேன், குளம் பராமரிக்க வருகிறவர் பார்க்கவில்லை. "குளோரினே இல்லை அம்மா, கருவியை நூறு விழுக்காட்டில் வைக்கிறேன்" என்றார். நான் விடவில்லை. சுத்தமான குடிநீரில் ஒன்றுக்கு நான்காகக் கலந்து மறுபடி சோதித்தேன், அடர்ந்த சிவப்பு. குளோரின் மிக அதிகமானால் அந்த மருந்தின் நிறத்தையே வெளுத்துவிடும். பிள்ளைகள் இறங்கக் காத்திருந்த தண்ணீர் அது. கருவியை நிறுத்தி வெயிலில் விட்டோம்.

பிற்பாடு தெரிந்தது, அவர் சயனூரிக் அமிலத்தையும் அளக்காமல் அள்ளிப் போட்டிருந்தார். அது 60 முதல் 80 பிபிஎம் இருந்தால் வெயில் குளோரினைச் சீக்கிரம் அழிக்காது. இல்லாவிட்டால் நம் பங்குனி வெயிலில் கருவி நாள் முழுதும் ஓடினாலும் மாலையில் ஒன்றும் மிஞ்சாது. அளவு மீறினாலோ, குளோரின் இருந்தும் கிருமியைக் கொல்லும் வேகம் குறைந்துவிடும்.

அகஸ்தியம்பள்ளி

குடந்தை நண்பருக்கு மட்டும் பதில். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து சட்டத்தை மீறி உப்பு அள்ளிய, வேதாரண்யத்தை ஒட்டிய மண் இது. எங்கள் உப்பைக் கசடு என்று ஒரே வார்த்தையில் தள்ளாதீர்கள். உப்பு நீரின் அடர்த்தியைக் காட்டும் போமே அளவில் 25ஐ ஒட்டி உப்பு படியத் தொடங்கும். 29, 30க்குள் வாரிவிட்டால் மெக்னீசியம் கசப்பு நீரோடு போய்விடும். அவசரத்தில் புது உப்பை ஈரத்தோடு ஏற்றுகிற வியாபாரியிடம் வாங்கினால் குறை இருக்கத்தான் செய்யும். அம்பாரம் போட்டுக் கசப்பு நீர் வடிந்த பழைய உப்பைக் கழுவிச் சுத்திகரித்தது கேளுங்கள். கடையில் விற்கும் அயோடின் கலந்த தூள் உப்பில் கட்டி பிடிக்காமலிருக்கச் சேர்க்கும் ஃபெரோசயனைடு குளத்துச் சுவரில் கறை விடக்கூடும். அதைப் பற்றி ஏன் ஒருவரும் எழுதவில்லை?

ஒரத்தநாடு

கருவியை முதன்முதலாக ஓட்டிய மாலை, குளம் முழுவதும் கடுங்காப்பி நிறம். வீட்டில் எல்லோரும் பயந்துவிட்டார்கள். போர் தண்ணீரின் இரும்பு குளோரின் பட்டதும் அப்படி ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. ஃபில்டர் ஓடி ஓடித் தெளிந்தது.

திருத்துறைப்பூண்டி விவசாயி

எனக்குக் குளம் இல்லை தோழர்களே. எங்கள் வாய்க்காலின் தலைப்பில் உப்புக் குளம் உள்ள ஒரு பண்ணை வீடு இருக்கிறது. ஆவணியில் சம்பா நாற்று விட்டிருந்தேன். ஒரு காலை போய்ப் பார்த்தால், மடையை ஒட்டிய பகுதியில் மட்டும் நாற்றின் நுனி வெளுத்துச் சுருண்டிருந்தது. பூச்சி என்றார்கள், துத்தநாகக் குறை என்றார்கள். தண்ணீரை நாக்கில் வைத்தேன், கரித்தது. அந்த வீட்டின் பேக்வாஷ் குழாய், அதாவது ஃபில்டரைக் கழுவிய குளத்து நீரை வெளியேற்றும் குழாய், நேராக வாய்க்காலில் விழுகிறது.

மண்ணில் உப்பைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே நெல் விளைச்சல் இறங்கத் தொடங்கும். உங்கள் 3,000 பிபிஎம் தண்ணீர் 5க்கும் மேல். அதிலும் இளநாற்று தாங்கவே தாங்காது. மேட்டூர் திறந்து கடைமடைக்குத் தண்ணீர் வருமா என்று நாங்கள் காத்திருக்கும் வாய்க்கால் அது. கண்டியூர் ஐயா ஐந்தில் இரண்டு பங்கு இறைத்தேன் என்று எழுதியிருக்கிறார். 16,000 லிட்டர். எங்கே விட்டீர்கள் ஐயா?

கண்டியூர்த் தோப்பு வீடு

வாய்க்காலில் விடவில்லை, தம்பி. தென்னைக்குப் பாத்தி கட்டி விட்டோம். தென்னை உப்பு தாங்கும்.

பட்டுக்கோட்டை

ஐயா, வளர்ந்த தென்னை ஓரளவு தாங்கும், கன்று தாங்காது. 2018இல் கஜா புயல் சாய்த்த தோப்புகளில் மறுபடி கன்று நட்டவர்கள் நாங்கள். இந்த யோசனையைப் படித்துவிட்டு யாரும் தென்னம்பிள்ளைகளுக்கு ஊற்றிவிடக் கூடாது.

திருத்துறைப்பூண்டி விவசாயி

தென்னை தாங்கினாலும் உப்பு எங்கேயும் போகாது, அந்த மண்ணில்தான் இறங்கும். அடியில் உங்கள் போர் இருக்கிறது, பக்கத்தில் என்னைப் போல் ஒருவரின் போர் இருக்கிறது.

குடந்தை மின்பணியாளர்

தோழர் சொல்வது நியாயம். மணல் ஃபில்டரை மாற்றி கார்ட்ரிட்ஜ் வையுங்கள், பேக்வாஷே தேவையில்லை. அழுக்கானால் வெளியே எடுத்துக் கொஞ்சம் நல்ல தண்ணீரில் அலசினால் போதும். மழைக்காலத்தில் வழிந்தோடும் நீருக்குத் தனிக் குழி வேண்டும், அதற்கு வேறு வழி கிடையாது.

கண்டியூர்த் தோப்பு வீடு

கார்ட்ரிட்ஜ் வைத்தால் இருக்கிற பம்பையே பயன்படுத்தலாமா?

குடந்தை மின்பணியாளர்

பயன்படுத்தலாம். பம்பின் நீரோட்டத்துக்கு ஏற்ற பரப்பளவு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். செல் அதற்குப் பிறகுதான் வர வேண்டும்.