நோக்கியாவைத் துரத்தியது வரித்துறையா?

செங்கை வாசி:
"சட்டமும் வரித்துறையும் ஒழுங்காக இருந்தால் அந்நிய முதலீடு தானாக வரும். சென்னைக்குப் பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரில் இருந்த நோக்கியா கைபேசி ஆலையைத் துரத்தியது வருமான வரித்துறைதான்" என்று நேற்று இங்கே ஒரு மேதை தீர்ப்பு எழுதியிருந்தார். ஜெர்மனியில் போஹும் ஆலையை 2008இல் மூடிவிட்டு ருமேனியாவுக்குப் போனார்கள். அந்த ஆலைக்கும் 2011இல் மூடுவிழா. அங்கெல்லாம் எந்த வரித்துறை துரத்தியது?

தணிக்கைக்காரன்:
அந்த மேதை நான்தான். பெயரைச் சொல்லக் கூச்சமா? 2013 ஜனவரியில் சோதனை, மார்ச்சில் ரூ.2,000 கோடிக்கு மேல் வரி கேட்டு நோட்டீஸ். மென்பொருளுக்காகப் பின்லாந்துத் தாய் நிறுவனத்துக்குக் கொடுத்த பணத்தில் வரி பிடிக்கவில்லையாம். அடுத்து சொத்து முடக்கம். நோக்கியாவின் கைபேசிப் பிரிவை வாங்கிய மைக்ரோசாஃப்ட் முடக்கிய ஆலையை எப்படி வாங்கும்?

செங்கை வாசி:
முடக்கத்தை தில்லி உயர் நீதிமன்றம் 2013 டிசம்பரிலேயே நீக்கிவிட்டது.

தணிக்கைக்காரன்:
நிபந்தனையோடு! அந்த ஒரு சொல்லை ஏன் விழுங்குகிறீர்கள்? 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் வரை போயும் ரூ.3,500 கோடி உத்தரவாதம் என்ற நிபந்தனை தளரவில்லை. பூட்டைத் திறந்தாயிற்று, சாவிக்கு மட்டும் 3,500 கோடி. இதற்குப் பெயர் நீக்கமா?

செங்கை வாசி:
நீக்கம்தான். தீர்ப்பைப் படியுங்கள்.

தணிக்கைக்காரன்:
படித்துவிட்டுத்தான் பேசுகிறேன். வோடஃபோன் 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் வரி வழக்கை வென்றது. அதே ஆண்டு 1962 வரை பின்னோக்கிப் பாயும்படி வரிச் சட்டத்தையே மாற்றினார்கள். அதைக் கைவிட 2021 ஆயிற்று. இப்படிப்பட்ட ஊரில் எவன் 3,500 கோடிக்குக் கையெழுத்துப் போடுவான்? முடக்கம் நீங்கவில்லை. நீங்கவே இல்லை.

பழைய ஷிப்ட்:
நான் அந்த வட்டாரத்தில் ஓர் உதிரிபாக ஆலையில் வேலை பார்த்தவன். மைக்ரோசாஃப்ட் கைக்குப் போன ஹங்கேரி கொமாரோம் ஆலையையும் 2014இல்தான் மூடுவதாக அறிவித்தார்கள். அங்கே முடக்கம் இல்லை, சோதனை இல்லை. ஆண்ட்ராய்டு வந்ததும் நோக்கியாவின் கைபேசி வியாபாரமே படுத்துவிட்டது. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். அது போகட்டும், ஊரின் பெயர் திருப்பெரும்புதூர்.

தணிக்கைக்காரன்:
ரயில் நிலையப் பலகையில் போய்த் திருத்துங்கள்.

பழைய ஷிப்ட்:
அந்த ஊரில் ரயில் நிலையமே கிடையாது ஐயா. ஊரைப் பார்க்காமலே முதலீடு பற்றி வகுப்பெடுக்கிறீர்கள்.

தணிக்கைக்காரன்:
பஸ் நிலையப் பலகை என்று வைத்துக்கொள்ளுங்கள். முடக்கம் நீங்கியதா, இல்லையா? அதற்கு மட்டும் பதில் வராது. ஃபோர்டு தன் மறைமலை நகர் கார் ஆலையை மூடப்போவதாக 2021இல் அறிவித்தபோதும் இந்த இருவரும் என்னிடம் இப்படித்தான் பாய்ந்தார்கள். நான் எதையும் மறக்கவில்லை.

செங்கை வாசி:
ஃபோர்டிடம் எந்த வரித்துறை சொத்தை முடக்கியது என்று அன்று கேட்டேன். இன்னும் பதில் வரவில்லை. 2018இல் இந்தியாவும் பின்லாந்தும் பேசி முடித்து நோக்கியா சுமார் 20 கோடி யூரோ கட்டியதே, அதுவும் பொய்யா? பாக்கியே இல்லாதவன் எதற்குக் கட்டினான்?

தணிக்கைக்காரன்:
கேட்டதில் எத்தனை பங்கு அது? கணக்குப் போடத் தெரிந்தவர் யாராவது இருந்தால் பேசுகிறேன். ஆலை மூடியது 2014 நவம்பர், நீங்கள் சொல்லும் சமரசம் 2018. செத்தவனுக்கு நாலு வருடம் கழித்து மருந்து. முடக்கம் நீங்கவில்லை.

செங்கை வாசி:
நீங்கியது.

பழைய ஷிப்ட்:
திருப்பெரும்புதூர்.