வன்னிக் கோட்டைகள்: போனவர்கள் சொல்லுங்கோ

பரந்தன் பெடியன்:
மலையுச்சிக் கோட்டை பார்க்கும் ஆசையோடு இலங்கையின் வடக்கிலிருக்கும் எங்கள் வன்னிக்கு வந்தால் ஏமாற்றம்தான். இங்கே தரை மட்டம், ஆகவே கோட்டைகள் எல்லாம் நீரைப் பார்த்தே நிற்கின்றன. கொழும்பிலிருந்து வந்த மச்சானைப் பூநகரிக் கோட்டைக்குக் கூட்டிப் போனேன். "இவ்வளவுதானா?" என்றான். ஒவ்வொரு பக்கமும் சுமார் 30 மீற்றர், எதிரெதிர் மூலைகளில் இரண்டு கொத்தளங்கள், அவ்வளவுதான். யாழ்ப்பாணக் கோட்டையைப் பார்த்த கண்ணுக்கு இது மாட்டுப்பட்டி மாதிரி.

இடத்தைப் பார்த்தால்தான் விளங்கும். கடனீரேரிக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணக் குடாநாடு. அதைத் தெற்கிலிருந்து காக்கத்தான் போர்த்துக்கேயர் இதைக் கட்டினார்கள். 1770இல் ஒல்லாந்தர் பெருப்பித்தார்கள். 1993 நவம்பரில் பூநகரி இராணுவ முகாமுக்காகப் புலிகளுக்கும் இராணுவத்துக்கும் நடந்த சண்டை எங்கள் தலைமுறைக்குத் தெரியும். ஆட்கள் மாறினாலும் எல்லாருக்கும் இந்தத் துறைதான் தேவைப்பட்டது.

சுவரில் கையை வைத்தேன். முருகைக்கல்லின் சின்னச் சின்னக் கண்கள் விரலில் தட்டுப்பட்டன, சாந்துக்குள் சிப்பித் துண்டுகள். மாடு மேய்த்துக்கொண்டு நின்ற ஐயா ஒருவர் சத்தம் போட்டார்: "தம்பி, கண்ணிவெடியெல்லாம் எடுத்தாச்சாம். எண்டாலும் பத்தைக்குள்ள இறங்காதேங்கோ!"

ஒட்டுசுட்டான் அக்கா:
முல்லைத்தீவை விட்டுவிட்டீர்களே தம்பி. அங்கேயும் ஒல்லாந்தர் கோட்டை இருந்தது, பிறகு ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1803 ஓகஸ்ட் 25இல் வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன் அதை அடித்துப் பிடித்து பீரங்கிகளையும் கொண்டுபோனார். வன்னியருக்குக் கல்லுக்கோட்டை எதற்கு, காடு இருந்தது. ஆனால் அந்தக் காட்டுக்குள்ளேயே, ஒக்டோபர் 31இல், கற்சிலைமடுவில் ஆங்கிலேயரின் கப்டன் டிரிபேர்க்கின் படை அவரைத் தோற்கடித்தது. அதைச் சொல்லிக் கல்லும் நட்டார்கள். வென்றவன் நட்ட கல்லுக்கு நாங்கள் பள்ளிக்கூடக் காலத்தில் மாலை போட்டோம், தோற்றவருக்காக! டிரிபேர்க்கை யாரும் நினைத்ததாக எனக்கு ஞாபகமில்லை.

பரந்தன் பெடியன்:
உண்மைதான் அக்கா, கற்சிலைமடுவுக்கு இன்னும் போகவில்லை. பூநகரிக்கு வருகிறவர்கள் காலையிலேயே வாருங்கோ, நிழல் கிடையாது. போகும்போது மொட்டைக்கறுப்பன் அரிசி கொஞ்சம் வாங்கிக்கொண்டு போங்கோ. மச்சான் அதைத்தான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.