புதுப்பிப்பு: கிகுயு புல் போன பிறகு

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டு முன்வாசலில் தண்ணீரைக் குடித்துத் தீர்க்கும் கிகுயு என்ற புல்தரைப் புல்லுக்குப் பதில் என்ன வைக்கலாம் என்று போன செப்டம்பரில் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

மண்ணைத் தோண்டவே இல்லை. அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, நனைத்துப் புல்லை மூடி விரித்து, மேலே 4 அங்குலம் மரச்சில்லு போட்டேன். வேலியோரம் மட்டும் புல் இன்னும் எட்டிப் பார்க்கிறது, கையால் பிடுங்குகிறேன்.

ஸ்பெக்பூம் என்ற சதைப்பற்றுள்ள புதர்ச்செடியின் கிளைகளை ஒடித்து, வெட்டுவாய் காய 5 நாள் நிழலில் வைத்து நட்டேன். 12-ல் 10 பிழைத்தன! இந்த மண்ணின் செடியல்லவா, கோடை மழையே போதுமாக இருந்தது. ஜூலை மாதக் குளிர்கால வறட்சியில் கறிவேப்பிலைக்கு மட்டும் அரிசி களைந்த தண்ணீர்.

அப்புறம், புல்பைன் என்ற சதைப்பற்றுள்ள சிறு செடியும் வைத்தேன். மஞ்சள் பூவெல்லாம் தேனீ. அம்மா அதன் இலையை ஒடித்து, வழவழப்பான சாற்றைப் பூச்சிக்கடியில் தடவிக்கொள்கிறார்.