கணிதப் பிரிவா, தொழினுட்பப் பிரிவா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

இணுவில் அம்மா

மகளின் சாதாரண தரப் பெறுபேறு வந்து மூன்று வாரம் ஆகிறது. கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் ஏ. அன்று மாலையே வீட்டுக்கு வந்த உறவினர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "கணிதம்தானே? எந்த ரியூசன்?" அவள் தேநீர்த் தட்டை மேசையில் வைத்துவிட்டு, "நான் உயர்தரத்துக்குத் தொழினுட்பப் பிரிவு எடுக்கப் போகிறேன், மாமா" என்றாள். அதன்பிறகு அந்த அறையில் யாரும் சரியாகப் பேசவில்லை.

அவளுடைய அப்பாவுக்கு இன்னமும் மனம் ஆறவில்லை. ஏ எடுத்த பிள்ளை ஏன் அங்கே போக வேண்டும் என்பது அவருடைய கேள்வி. பெண்பிள்ளைக்குப் பட்டறை எதற்கு என்று என் அண்ணி கேட்டார். எனக்கு இரண்டு பிரிவுமே தெரியாது. ஆனால் ஒரு விடயத்தைக் கண்ணால் கண்டிருக்கிறேன், அதைச் சொல்கிறேன்.

போன ஆவணியில் எங்கள் கிணற்றுப் பம்ப் நின்றுவிட்டது. விசையைப் போட்டால் உறுமியது, சுற்றவில்லை. திருத்துபவர் இரண்டு நாள் கழித்துத்தான் வருவேன் என்றார். தோட்டத்தில் வெங்காயம் வாடிக்கொண்டிருந்தது. மகள் மின்னை நிறுத்தி, பின்பக்க மூடியைக் கழற்றி, தண்டைக் கையால் சுழற்றிப் பார்த்தாள். தடையில்லாமல் சுழன்றது. "பேரிங் இறுகவில்லை அம்மா, கப்பாசிற்றர்தான் போய்விட்டது" என்றாள். பழையதைக் கழற்றி, அதில் எழுதியிருந்த மைக்ரோபரட் அளவை ஒரு துண்டில் குறித்துக்கொண்டு, சுன்னாகம் சந்திக்கு சைக்கிளில் போய் அதே அளவில் ஒன்று வாங்கி வந்தாள். பொழுது சாய முன் வாய்க்காலில் தண்ணீர் ஓடியது.

இந்தப் பிள்ளையை எந்தப் பக்கம் விடுவது? பொறியியல் படித்தவர்கள், பொறியியல் தொழினுட்பம் படித்தவர்கள், இரண்டிலும் பிள்ளைகளை விட்டவர்கள், உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.


பேராதனையில் படித்தவன்

தங்கச்சி, உங்கள் மகளின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. அந்தப் பம்பையே வைத்து என் பதிலைச் சொல்கிறேன்.

நான் எண்பதுகளில் பேராதனைப் பொறியியல் பீடத்துக்குப் போனவன். அப்போது எங்களுக்குத் தெரிந்த வாசல் பேராதனையும் மொறட்டுவையும்தான். இன்று கிளிநொச்சி அறிவியல் நகரிலேயே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. ஊர்ப் பிள்ளைகள் பரந்தன் தாண்டிப் போனாலே போதும். இது எங்கள் தலைமுறை கனவிலும் காணாத வசதி.

முதலாம் ஆண்டில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். சிறு வயதில் வானொலிப் பெட்டிகளைத் திறந்து பூட்டி வளர்ந்தவன் நான். பீடத்துக்குள் போனால் நாள் முழுக்க அதைத்தான் செய்வோம் என்று நினைத்துக்கொண்டு போனேன். அங்கே கிடைத்தது கணிதம், மேலும் கணிதம், பிறகு இன்னும் கொஞ்சம் கணிதம். வகையீட்டுச் சமன்பாடு, திசையன், புள்ளிவிபரம். கையில் திருகாணி பிடித்த மணிநேரங்களை விரல்விட்டு எண்ணலாம். ஆறு மாதம் தவித்தேன். பிறகு ஒருநாள், நடுங்கும் பாலத்துக்கும் அதிரும் மின்சுற்றுக்கும் ஒரே சமன்பாடு என்று விரிவுரையாளர் கரும்பலகையில் எழுதிக் காட்டினார். அன்றைக்குத்தான் நான் ஏன் அங்கே இருக்கிறேன் என்று புரிந்தது.

உங்கள் மகள் கப்பாசிற்றரை மாற்றினாள், சரி. அது போனால் மோட்டார் ஏன் உறுமிக்கொண்டு நிற்கிறது என்று கேட்டாளா? வீட்டுக்கு வரும் ஒற்றைக்கட்ட மின்னோட்டம் தனியாக ஒரு சுழலும் காந்தப் புலத்தை உண்டாக்காது. அந்தப் புலம் முன்னும் பின்னும் துடிக்கும், அவ்வளவுதான். இரண்டாவது சுருளின் மின்னோட்டத்தைக் கப்பாசிற்றர் சற்று முன்தள்ளிவிடுவதால்தான் புலம் சுழலத் தொடங்குகிறது. இந்த "ஏன்" அவளை இரவில் தூங்கவிடாமல் செய்தால், கணிதப் பிரிவில் விடுங்கள். தண்ணீர் ஓடியதும் மனம் நிறைந்து அடுத்த வேலையைத் தேடினாள் என்றால், தொழினுட்பம் அவளுக்குக் குறைவான பாதை ஆகாது. மனம் இருவருக்கும் வேறு, அவ்வளவுதான்.


அறிவியல் நகர் பட்டதாரி

அக்கா, நான் பெண். பொறியியல் தொழினுட்பம் படித்தவள். உங்கள் அண்ணியின் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்: பட்டறை என் கையை ஒன்றும் செய்யவில்லை.

தொழினுட்பப் பிரிவு 2013இல்தான் பாடசாலைகளுக்கு வந்தது. முதல் அணி 2015இல் உயர்தரப் பரீட்சை எழுதியது. நான் அடுத்த ஆண்டு எழுதினேன். அப்போது எங்கள் ஆசிரியர்களுக்கே பாடத்திட்டம் புதிது. பொறியியல் தொழினுட்பவியல் என்ற ஒரே பாடத்துக்குள் கட்டுமானம், மின், இலத்திரனியல், இயந்திரம் எல்லாம் வரும். காலையில் செங்கல் கட்டு, மதியம் மின்சுற்று, அடுத்த நாள் எஞ்சின். அப்பா என்னை எந்தப் பிரிவு என்று கேட்பவர்களிடம் "விஞ்ஞானப் பக்கம்" என்று மட்டும் சொல்லுவார். அது எனக்கு வலித்தது. இன்றுவரை அவரிடம் சொன்னதில்லை, இங்கே சொல்கிறேன்.

அறிவியல் நகரில் தொழினுட்ப பீடமும் பொறியியல் பீடமும் அருகருகே. ஒரே பஸ்ஸில் போவோம், ஒரே கடையில் ரொட்டி சாப்பிடுவோம். இரண்டும் நான்கு ஆண்டு, இரண்டும் ஆங்கில மொழிமூலம். அவர்கள் தாளில் சமன்பாட்டோடு மல்லுக்கட்டும் நேரத்தில் நாங்கள் இயந்திரத்துக்கு முன்னால் நிற்போம். ஆனால் எங்களுக்குக் கணிதம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இப்போது யாழ்ப்பாணத்தில் கூரைச் சூரிய மின் தொகுதிகள் பொருத்தும் ஒரு நிறுவனத்தில் இருக்கிறேன். போன பங்குனியில் ஒரு வீட்டுக்காரர் கோபத்தோடு அழைத்தார். நல்ல வெயிலில், சரியாக மதிய நேரத்தில், இன்வேட்டர் தானாக நின்றுவிடுகிறது, பொருள் பழுது என்றார். நான் போய்க் காலை பத்து மணியிலிருந்து அரை மணிக்கொரு தடவை மின்னழுத்தத்தை அளந்து எழுதினேன். வெயில் ஏற ஏற அளவும் ஏறிக்கொண்டே போனது. அந்த ஒழுங்கையில் ஐந்து கூரைகளில் தகடு. எல்லோரும் ஒரே நேரத்தில் மின்னை லைனுக்குள் அனுப்ப, அழுத்தம் எல்லையைத் தாண்டுகிறது, இன்வேட்டர் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடுகிறது. பொருளில் எந்தப் பழுதும் இல்லை. என் கொப்பியில் இருந்த அந்த அட்டவணையை வைத்துத்தான் எங்கள் பொறியியலாளர் எந்தக் கம்பியை எவ்வளவு தடிப்பாக்க வேண்டும் என்று கணக்கிட்டார். அவருடைய கணக்கு இல்லாமல் என் அளவு பயன்படாது. என் அளவு இல்லாமல் அவருக்குக் கணக்கே இல்லை.

கசப்பையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். படித்து முடித்த புதிதில் ஓர் அரச அலுவலகத்துக்கு விண்ணப்பித்தேன். படிவத்தில் பட்டங்களின் பட்டியல் இருந்தது, என் பட்டம் அதில் இல்லை. கருமபீடத்தில் இருந்தவர் "நீங்கள் பொறியியலாளரா, டிப்ளோமாவா? இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள் பிள்ளை" என்றார். நான் இரண்டும் இல்லை என்றதும் தாளைத் திருப்பித் தந்துவிட்டார். வெளியே வந்து வேப்பமரத்தடியில் அழுதேன். நான்கு ஆண்டு படித்த பட்டத்தின் பெயர் நாட்டுக்கே தெரியவில்லை என்ற கோபம் அது. புதிய பாதையில் முதலில் நடப்பவர்களுக்குக் கல்லும் முள்ளும் கூடத்தான். உங்கள் மகளின் காலத்துக்குள் அது குறைய வேண்டும், குறைக்க நாங்களும் குரல் கொடுக்க வேண்டும்.


உயர்தர ஆசிரியர், வலிகாமம்

இரண்டு பதிவும் நன்று. ஆனால் பெற்றோர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றை யாரும் அழுத்திச் சொல்லவில்லை.

தொழினுட்பப் பிரிவில் உயர்தரம் எழுதிவிட்டு, அந்தப் பெறுபேற்றோடு அரச பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. அதற்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றும் வேண்டும். அதேபோல் கணிதப் பிரிவுப் பிள்ளை பொறியியல் தொழினுட்பப் பட்டத்துக்குள் அந்த வழியால் வர முடியாது. நாம் பிரிப்பது பதினாறு வயதில். இருபது வயதில் மனம் மாறினால் திரும்பும் வழி நீளம். இதைச் சொல்லாமல் "பிள்ளைக்குப் பிடித்ததை விடுங்கள்" என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

இன்னொன்று. "கணிதம் வராத பிள்ளைக்குத் தொழினுட்பம்" என்று சில பெற்றோர் வந்து நிற்கிறார்கள். அங்கே தொழினுட்பவியலுக்கான விஞ்ஞானம் என்ற பாடம் இருக்கிறது. கணிதம், பௌதிகம், இரசாயனம், கணினி எல்லாம் அதற்குள் இருக்கின்றன. தப்பி ஓடி வந்த பிள்ளைகள் முதலாம் தவணையிலேயே வாடிப்போவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். கணிதப் பிரிவிலும் இதே சோகம் உண்டு: பெற்றோரின் ஆசைக்காக வந்து, மூன்று தடவை பரீட்சை எழுதி, பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி எட்டாமல், பத்தொன்பது இருபது வயதில் தன்னை மடையன் என்று நம்பத் தொடங்கும் பிள்ளை. அப்படி ஒருவனின் முகம் எனக்கு இன்றைக்கும் நினைவில் இருக்கிறது. அவன் என் வகுப்பின் மேசை நாற்காலி எல்லாவற்றையும் திருத்தித் தந்தவன்.

பேராதனை ஐயா சொன்ன பம்ப் சோதனை நல்லதுதான். ஆனால் ஒரு பம்பை வைத்து ஒரு வாழ்க்கையை முடிவு செய்யாதீர்கள். விடுமுறையில் இணைந்த கணிதப் புத்தகத்தின் முதல் இரண்டு அலகுகளைக் கொடுத்துப் பாருங்கள். அதோடு முடிந்தால் ஒரு வாரம் நல்ல பட்டறையிலும் விட்டுப் பாருங்கள். எதிலிருந்து சோர்ந்து வருகிறாள், எதிலிருந்து பேசிக்கொண்டே வருகிறாள் என்று கவனியுங்கள்.


தியகமவில் படித்தவன்

மூன்றாவது வழியும் உண்டு. நான் கணிதப் பிரிவு, பொறியியல் பீடம் மயிரிழையில் தவறியது. தியகமவில் உள்ள மொறட்டுவைப் பல்கலைக்கழகத் தொழினுட்ப நிறுவனத்தில் தேசியத் தொழினுட்ப டிப்ளோமா படித்தேன். மூன்று ஆண்டு, அதில் ஓர் ஆண்டு முழுக்கத் தொழிற்பயிற்சி. அந்த ஓர் ஆண்டில்தான் நான் ஆளானேன். பிறகு வேலை செய்துகொண்டே திறந்த பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் தொடங்கினேன். இரவு இரவாகப் படிப்பது உடலை முறிக்கும், ஆனால் கதவு மூடவில்லை. கணிதம் உண்மையில் வரும் பிள்ளை என்றால் கணிதப் பிரிவுக்குப் பக்க வாசல்கள் அதிகம் என்பது என் கருத்து.


ஸ்காபரோ, முன்னர் கொக்குவில்

வெளிநாட்டை நினைத்து முடிவெடுப்பவர்களுக்காக மட்டும். ஒரு நாட்டின் படிப்பை மற்ற நாடுகள் ஏற்றுக்கொள்ள மூன்று உடன்படிக்கைகள் உண்டு. பொறியியல் பட்டங்களுக்கு வாஷிங்டன் உடன்படிக்கை, 1989இல் தொடங்கியது, இலங்கை 2014இல் முழு உறுப்பினரானது. பொறியியல் தொழினுட்பவியலாளருக்குச் சிட்னி உடன்படிக்கை, 2001. தொழினுட்பருக்கு டப்ளின், 2002. ஆகவே உலகம் இந்த மூவரையும் தனித்தனித் தொழிலாகவே பார்க்கிறது. இங்கே ஒன்ராறியோவில் பொறியியலாளர் உரிமம் ஒரு சபை, தொழினுட்பவியலாளர் சான்றிதழ் வேறு சபை. நான் இரண்டாவது வகை. வீடு வாங்கினேன், பிள்ளைகளை வளர்த்தேன், யாரும் என்னைக் குறைவாகப் பார்த்ததில்லை. ஊருக்கு வரும்போது மட்டும் "அப்ப நீங்கள் எஞ்சினியர் இல்லையா?" என்ற கேள்வி வரும். ஒரு பட்டத்தில் சேர முன், அந்தக் குறிப்பிட்ட பட்டத்துக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் பார்த்து நம்பாதீர்கள்.


இணுவில் அம்மா

எல்லோருக்கும் நன்றி. ஆசிரியர் ஐயா சொன்னபடியே செய்தோம். இணைந்த கணிதப் புத்தகத்தை அயல் வீட்டு அண்ணாவிடம் வாங்கிக் கொடுத்தேன். பத்து நாள் இருந்து செய்தாள். விடைகள் சரியாகத்தான் வந்தன, பெரிய கரைச்சல் இல்லை. அவளுடைய அப்பாவின் முகத்தில் வெளிச்சம் வந்தது.

பிறகு பேராதனை அண்ணா கேட்ட கேள்வியை அவளிடம் கேட்டேன். கப்பாசிற்றர் போனால் மோட்டார் ஏன் உறுமுகிறது? சற்று யோசித்தாள். "அதை வாசித்தேன் அம்மா, இரண்டு சுருள் கதை. ஆனால் எனக்கு யோசனை வேறு. ஒரு வருடத்துக்குள் அது ஏன் இரண்டாம் தடவை போனது?" என்றாள். இரண்டாம் தடவை என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். பிறகு என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனாள். மோட்டாரின் மேல் மதிய வெயில் நேராக விழுகிறது, காற்றுப் போகும் துவாரத்தைக் காய்ந்த வாழைச் சருகு அடைத்திருக்கிறது. நாங்கள் தோட்டத்துக்கு இறைக்கும்போது பாத்தி மாற்றுவதற்காக ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நிறுத்தி நிறுத்திப் போடுகிறோம். இந்தச் சூடும் இப்படி நிறுத்திப் போடுவதும்தான் கப்பாசிற்றரைக் கெடுக்கின்றன என்றாள். இவ்வளவையும் ஒரு தாளில் படம் போட்டு வைத்திருக்கிறாள். நான்கு தடியும் ஒரு பழைய தகரமும் கொண்ட சிறிய கூரை, வாய்க்காலில் இரண்டு அடைப்புப் பலகை, பம்பை நிறுத்தாமல் பாத்தி மாற்ற. அளவுகளும் அதில் இருந்தன.

அவளுடைய அப்பா தாளை வாங்கிப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். அவருடைய தகப்பன் காங்கேசன்துறை சீமெந்து ஆலையில் 1990வரை பிற்றராக இருந்தவர். "அப்பாவும் இப்படித்தான் கோடு போடுவார்" என்று மட்டும் சொன்னார். சனிக்கிழமை இருவரும் சேர்ந்து அந்தக் கூரையைப் போட்டார்கள்.

திங்கட்கிழமை படிவம் கொடுத்தாயிற்று, தொழினுட்பப் பிரிவு. மூன்றாவது பாடமாகத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியலை எடுப்பதா, வேறொன்றை எடுப்பதா என்பதுதான் இப்போது வீட்டில் பேச்சு. அறிவியல் நகர்ப் பிள்ளை, நீங்கள் எதை எடுத்தீர்கள்?